ஊசிக் காய்ச்சல்

மார்ச் 3, புதன்

இன்று மூன்று ஆபரேஷன். மூன்றும் பழுதில்லாமல் முடிந்தன. மூன்று குடும்பமும் கண்ணீரோடு தையல்காரனுக்கு நன்றி சொன்னது. நான் அவனுக்குப் பின்னால் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு அம்மாள் என் பக்கம் திரும்பினார். அடுத்த நன்றி நமக்குத்தான் போலிருக்கிறது என்று முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"தம்பி, கேண்டீன் எந்தப் பக்கம்?" என்றார்.

ஐம்பத்திரண்டு வயதுத் தம்பி வழியைக் காட்டிவிட்டு வந்தான்.

தையல்காரன் என்பது நான் வைத்த பெயர். இந்த ஆஸ்பத்திரியின் பெரிய அறுவை மருத்துவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். வகுப்பில் முதல் இடம் எனக்கு. என் நோட்டைப் பார்த்துத் தேறிய இடம் அவனுக்கு. பதிலுக்கு அவன் எனக்கு வைத்த பெயர் தாலாட்டு. நோயாளியைத் தூங்க வைக்கிற மயக்க மருத்துவனுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும். நான் வைத்த பெயர் இந்தத் தாளோடு நின்றுவிட்டது. அவன் வைத்த பெயர் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. அதுதான் அவனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்.


மார்ச் 5, வெள்ளி

ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு டீ அறை. ஜன்னல் கிடையாது. ஒரு ஏசி, ஒரு கெட்டில், பஞ்சு பிதுங்கிய சோபா. ஐந்தாறு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். போன வருஷம் முழுக்கக் கொரோனாவுக்குப் பயந்து பூட்டிக் கிடந்தது. எங்களுக்கெல்லாம் முதல் ஊசி போட்டு முடிந்த வாரம் யாரோ திறந்துவிட்டார்கள். யார் திறந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது முகக்கவசத்தைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டீ குடிக்கிறோம். வெளிச்சுவரில் நோயாளிகளுக்கான எச்சரிக்கைப் பலகை பத்திரமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஊசி. தையல்காரன் முதலாவதே போடவில்லை. நம்பிக்கை இல்லாமல் அல்ல. சோம்பலும் அல்ல. திமிர்.

"ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குதாம். என் ஆபரேஷன் லிஸ்ட்டை யார் பார்க்கிறது? தூங்க வெச்ச கையோட நீயே வெட்டித் தைச்சிடுவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"போடாம இருந்து வந்துச்சுன்னா ரெண்டு மாசம் லிஸ்ட் போயிடும்" என்றேன்.

"விடு தாலாட்டு. நீ சொல்லி எது பலிச்சிருக்கு?"

அதற்கும் சிரித்தார்கள்.


மார்ச் 8, திங்கள்

ஊசி போட்டாயிற்று. போட்ட பெண் "வலிக்காது சார்" என்றாள். இதே பொய்யை நான் ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைக்கிறவன்.


மார்ச் 9, செவ்வாய்

காய்ச்சல், குளிர், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. எதிர்பார்த்ததுதான். விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். தையல்காரன் போன் செய்தான். பின்னணியில் டீ அறைச் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"என்ன, படுத்துட்டியாமே? போடாதவன் நின்னுட்டு இருக்கேன், போட்டவன் படுத்திருக்கான். பிரமாதமான மருந்துடா."

சிரிப்பு.

இனி எனக்குக் காய்ச்சல் வந்தால் இவன் காதுக்குப் போகக் கூடாது.


மார்ச் 10, புதன்

காய்ச்சல் விட்டது. போனேன். கொரோனா வார்டில் ஒருவருக்குச் சுவாசக் குழாய் போடக் கூப்பிட்டார்கள். போடும்போது என் முகத்துக்கு நேரே இருமிவிட்டார். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே காற்று நுழைந்த மாதிரி இருந்தது. இருக்கட்டும். இரண்டு ஊசி போட்டவன்.


மார்ச் 14, ஞாயிறு

மறுபடியும் உடம்பு கனகனவென்று இருக்கிறது. தொண்டையில் ஒரு கரகரப்பு. ஊசிக் காய்ச்சல் சிலருக்கு விட்டு விட்டு வரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். படித்தேனா?

"ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுங்களேன்" என்றாள் மனைவி. பள்ளிக்கூட டீச்சர். போன் திரைக்குள் இருக்கும் நாற்பது குழந்தைகளை அதட்டி அதட்டிக் குரல் போனவள்.

"டாக்டர் நீயா, நானா?"

"நீங்கதான். அதான் பயமா இருக்கு" என்றாள்.

நான் வார்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குத் தனி அறை, தனித் தட்டு. சாப்பிடும்போது பேசுவதும் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத்தான்.


மார்ச் 15, திங்கள்

இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற கருவி என்னை நல்லவன் என்று விட்டுவிட்டது.


மார்ச் 16, செவ்வாய்

எல்லாவற்றிலும் திருட்டு. காலையில் ஒரு நோயாளிக்கு முதுகில் மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் ஸ்பிரிட்டால் துடைத்தேன். வாசனையே இல்லை. பச்சைத் தண்ணீர். தியேட்டர் சிஸ்டரைக் கூப்பிட்டு, "இதுலயும் தண்ணி கலக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன். வருஷக்கணக்காக என்னோடு வேலை பார்ப்பவர். புது பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அதுவும் தண்ணீர்தான். அப்படியென்றால் மேலேயிருந்தே திருடி அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு எழுத வேண்டும்.

டீ அறையில் தையல்காரன் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா அந்தம்மாவை அழ வெச்சே? நான் மோந்து பார்த்தேன், மூக்கு எரியுது. தண்ணி ஸ்பிரிட்ல இல்ல, உன் மண்டையில இருக்கு."

அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சிரிக்க யாரும் இல்லை. ஆனால் தலைவலி, உடம்புவலி, காலையிலிருந்து தின்ற மாத்திரை, அவனுடைய அந்தக் குரல் — முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவன் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"நீ யாரை அழ வெச்சேன்னு கேட்கட்டுமா? அன்னைக்குக் கதவுகிட்ட என்ன சொன்னே?"

"எந்தக் கதவு?"

எந்தக் கதவாம். எட்டு வருஷமாக நான் தினமும் கடந்து போகிற கதவு அது. தியேட்டர் கதவு. அன்று மேஜையில் ஒரு பெண் இறந்துபோனாள். இவன் கட்டிய முடிச்சு நழுவி, ரத்தம் நிற்கவில்லை. என்னால் முடிந்த அத்தனை ரத்தத்தையும் ஏற்றினேன். முடியவில்லை. இவன் கதவைத் திறந்து வெளியே போய் அவள் குடும்பத்திடம் சொன்ன வாக்கியம்: "மயக்கத்துலேர்ந்து எழுந்திருக்கல." அவ்வளவுதான். கூட்டம் என்னைத் தேடி வந்தது. சட்டை கிழிந்தது, கார்க் கண்ணாடி உடைந்தது. விசாரணையில் என் மேல் குற்றம் இல்லை என்று ஆனது. ஆனால் அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவி என்னிடம் வேலை கற்றுக்கொண்டவனுக்குப் போனது. சந்தேகம் என்று ஒன்று இருந்துவிட்டதாம்.

இதையெல்லாம் இன்று அவன் முகத்தில் கத்தினேன். எச்சில் தெறிக்கிற அளவுக்கு.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டான்: "பொய்யாடா சொன்னேன்? எழுந்திருக்கலதானே?"

வெளியே வந்து கழிப்பறையில் நின்று முகம் கழுவினேன். சோப்புக்குக்கூட வாசனை இல்லை. அதிலும் மலிவுச் சரக்கு வாங்குகிறார்கள்.


மார்ச் 20, சனி

தையல்காரனுக்குக் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா. வாய் பலித்துவிட்டது என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

தியேட்டரில் எல்லோருக்கும் பரிசோதனை. டீ அறையை மறுபடி பூட்டிவிட்டார்கள்.


மார்ச் 22, திங்கள்

எனக்கும் இருக்கிறது. சிஸ்டருக்கும். ஊசி போட்ட இன்னும் நான்கைந்து பேருக்கும். ஊசி போடாத எலும்பு மருத்துவருக்கும்.

மாடி அறை. மனைவி தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு இறங்கிப் போகிறாள். அவளுக்கு இல்லை. "நான் சொன்னேனே" என்று அவள் சொல்லக் காத்திருக்கிறேன். சொல்லவில்லை. சொன்னால் சண்டை போடலாம், பொழுது போகும்.

மத்தியானம் போனில் கூட்டம். கண்காணிப்பாளர் பேசினார். "ஊசி போடாத ஒருத்தரால ஒரு தியேட்டரே படுத்துடுச்சு. அவர் பேரை நான் சொல்ல வேண்டியதில்லை." யாரோ என் பெயரைச் சொல்லி, "பாவம், ரெண்டு ஊசி போட்டவர், அவருக்கும் ஒட்டிடுச்சு" என்றார்கள். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.


மார்ச் 23, செவ்வாய்

காலையில் பெட்டியிலிருந்து சளிக்குத் தடவுகிற களிம்பை எடுத்து நெஞ்சில் தடவினேன். வாசனை இல்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து மூக்குக்குள்ளேயே தேய்த்தேன். எரிச்சல் இருந்தது. வாசனை இல்லை.

ஸ்பிரிட்டில் தண்ணீர் இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டாவது ஊசி முழுதாக வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவன் நான். வார்டில் அந்த மனிதர் இருமினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல். அது ஊசிக் காய்ச்சல் இல்லை. செவ்வாய்க்கிழமை என் மூக்கு செத்துவிட்டது. அதே செவ்வாய்க்கிழமை ஜன்னல் இல்லாத அறையில் கவசத்தை இறக்கிக்கொண்டு அவன் முகத்தில் —

அவன் படுத்தது சனிக்கிழமை.

வேறு எந்த ஊழியனாக இருந்தாலும், ஒரு பெட்டிக்கடைக்காரனாக இருந்தாலும், காய்ச்சல் என்றதும் பயந்துபோய்ப் பரிசோதனைக்கு ஓடியிருப்பான். ஊசி போட்ட டாக்டருக்குத்தான் அது என்ன காய்ச்சல் என்று ஏற்கெனவே தெரியும்.


மார்ச் 25, வியாழன்

தையல்காரனுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.


மார்ச் 27, சனி

ஊசி போட்டவர்கள் எல்லோரும் வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கிறோம். ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு, ஒருத்தருக்கு அலுப்பு, சிஸ்டருக்கு இரண்டு நாள் தலைவலி. எனக்கு இருமல்கூடச் சரியாக வரவில்லை. வார்டில் படுத்திருப்பவர்கள் இரண்டு பேர்: தையல்காரன், எலும்பு மருத்துவர். எலும்பு மருத்துவருக்கு நேற்று ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். தையல்காரனுக்கு ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

ஊசி அதன் வேலையைச் செய்திருக்கிறது. நாங்கள்தான் எங்கள் வேலையைச் செய்யவில்லை.

அவன் மனைவி போன் செய்தாள். கல்லூரிக் காலத்திலிருந்து என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள்.

"அண்ணா, உங்களுக்கும் இவரால வந்துடுச்சேன்னு எனக்கு முகமே இல்ல. எத்தனை தடவை சொன்னேன், ஊசி போட்டுக்கங்கன்னு. கேட்டாரா? அண்ணி நல்லா இருக்காங்களா? எங்களைத் தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அதெல்லாம் ஒன்றும் இல்லை. பொய்யா சொன்னேன்?


மார்ச் 30, செவ்வாய்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். மயக்க மருத்துவர்களில் பாதிப் பேர் இன்னும் வீட்டில். என் துறைத் தலைவர், அந்தப் பழைய மாணவன், போனில் கெஞ்சினான். "சார், நீங்க வந்தாத்தான் வண்டி ஓடும்." எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கெஞ்சுகிறான். ரசிக்க வேண்டும் என்று நினைத்தேன். ரசிக்கிற தெம்பு இல்லை. இரண்டு மாடி ஏறினால் கால் நடுங்குகிறது.

தையல்காரனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். கழுத்துக்குப் பின்னால் முடி நரைத்திருப்பதை இதுவரை கவனித்ததில்லை. எப்போதும் தொப்பியோடுதான் பார்த்திருக்கிறேன்.


ஏப்ரல் 2, வெள்ளி



காலையில் தையல்காரனுக்குக் குழாய் போட வேண்டும் என்று முடிவானது. வேறு இரண்டு பேர் இருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் நான் வேண்டாம் என்று இருந்தது. உள்ளேயிருந்து வார்டு சிஸ்டர் வந்து, "சார், உங்களைத்தான் கூப்பிடறாரு. வேற யாரையும் கிட்ட விட மாட்டேங்கறாரு" என்றார்.

போனேன். ஒரு வாக்கியம் பேச மூன்று மூச்சு வாங்குகிறான்.

"தாலாட்டு. நீயே பண்ணு. இவனுங்க... பல்லை உடைச்சிடுவானுங்க."

"உன் பல்லு ஏற்கெனவே ரெண்டு பொய்ப் பல்லு" என்றேன்.

"அதான். விலை ஜாஸ்தி."

தூங்க வைப்பதற்கு முன்னால் எல்லா நோயாளிக்கும் நான் ஒன்று சொல்வேன்: நல்ல இடமா ஒண்ணு நினைச்சுக்கோங்க, அங்க போயிட்டு வந்துடலாம். இருபது வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டுக் கிண்டல் செய்வான். "டிராவல் ஏஜென்ட் வந்தாச்சு, எல்லாரும் பெட்டியைக் கட்டுங்க" என்பான். இன்று நான் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லுடா" என்றான்.

"நல்ல இடமா ஒண்ணு நினைச்சுக்கோ."

கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தான். "தியேட்டர்தான்டா. வேற... எந்த இடம் தெரியும் எனக்கு."

போய் வந்துடலாம் என்கிற பாதியை நான் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. குழாய் முதல் தடவையிலேயே போனது. பல் உடையவில்லை.

வெளியே அவன் மனைவி நின்றிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு நான்தான் போனேன். இவன் எழுந்திருக்காவிட்டால் இதே கதவருகில் நின்று இவளிடம் என்ன சொல்வேன்? மயக்கத்துலேர்ந்து எழுந்திருக்கல என்றா? அது பொய்யாக இருக்காது. முழுக்க உண்மையாக இருக்கும். அவனை மயக்கியது நான்தானே.


ஏப்ரல் 5, திங்கள்

அப்படியே இருக்கிறான்.


ஏப்ரல் 7, புதன்

அப்படியே. சிறுநீரகம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. என் முறை இல்லாத நேரத்திலும் போய் இயந்திரத்தின் எண்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். துறைத் தலைவன் சொல்கிறான்: "சார், நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நெருக்கம்னு எனக்குத் தெரியாது." எனக்கும் தெரியாது.

மனைவி கேட்டாள், "அவர் மேல இவ்வளவு கோபத்தை வெச்சுக்கிட்டு ஏன் இப்படித் தூக்கமில்லாம அலையறீங்க?" அவளிடம் சொல்லிவிட்டேன். ஸ்பிரிட்டிலிருந்து எல்லாம். அவள் விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டாள். கடைசியில், "அவர் ஊசி போட்டிருந்தா உங்ககிட்டேர்ந்து வந்திருந்தாலும் வீட்டுல படுத்திருப்பார். நீங்க டெஸ்ட் எடுத்திருந்தா அவர் ஊசி போடாட்டியும் வந்திருக்காது. ஆளுக்குப் பாதி மார்க்" என்றாள்.

அரை மார்க் வாங்கி எனக்குப் பழக்கமில்லை.


ஏப்ரல் 13, செவ்வாய்

குழாயை எடுத்தோம். கண்ணைத் திறந்தான். எழுந்திருந்தான்.


ஏப்ரல் 21, புதன்

பொது வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆள் பாதியாகிவிட்டான். கை நடுங்குகிறது, கரண்டியை வாய்வரை கொண்டுபோவதற்குள் சிந்துகிறது. அதை நான் பார்க்கவில்லை என்று நானும், நான் பார்க்கவில்லை என்று நம்புவதாக அவனும் நடித்தோம்.

சுற்றி யாரும் இல்லாதபோது சொன்னான்.

"டேய். மன்னிச்சுக்கோடா."

எட்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவன் இதைச் சொல்கிற மாதிரி எத்தனையோ தடவை காரில் தனியாகப் போகும்போது நினைத்துப் பார்த்திருக்கிறேன். பதிலுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூடத் தயாராக இருந்தது.

"என்னாலதான உனக்கும் வந்துச்சு. தியேட்டருக்கே வந்துச்சு. சிஸ்டர் வீட்டுல வயசானவங்க இருக்காங்க. ஏதாவது ஆகியிருந்தா..."

அந்தக் கதவுக்கான மன்னிப்பு இல்லை. இதற்கான மன்னிப்பு.

வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. அவனே சந்தேகப்படவில்லை.

"உன்னால இல்ல" என்றேன். "என்கிட்டேர்ந்துதான் உனக்கு. ஊசிக் காய்ச்சல்னு நினைச்சுட்டு வேலைக்கு வந்தேன். அன்னைக்கு ஸ்பிரிட்ல தண்ணி இல்ல, என் மூக்குதான் போயிருந்துச்சு. அப்படியே வந்து உன் மூஞ்சியில கத்தினேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நான் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"இதுலயும்... நீதான் முதல்ல வந்தேங்கறியா?" என்றான். "போடா. ஆறுதல் சொல்லத் தெரியாது உனக்கு."

நம்பவில்லை.


மே 4, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட்டில் இறங்கும்போது எல்லோரும் கை தட்டினார்களாம். நான் வேறொரு கேஸில் இருந்தேன். என் பெயரைத் தவிர எல்லோர் பெயரையும் சொல்லிக் கண்காணிப்பாளர் நன்றி சொன்னாராம். பழைய வயிற்றெரிச்சல் எட்டிப் பார்த்தது. ஒருவகையில் ஆறுதல், நான் குணமாகிக்கொண்டிருக்கிறேன்.


மே 19, புதன்

இன்று சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சைக் கொடுக்கும்போது, "வாசனை வருதா சார்?" என்று கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் அந்தக் கோபம்தானா, அதற்கு மேலேயா?

"வருது" என்றேன். "அன்னைக்கும் வந்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"அப்படின்னா சரி" என்றார். அவ்வளவுதான்.


ஜூலை 13, செவ்வாய்

நேற்று தையல்காரன் ஊசி போட்டுக்கொண்டான். இன்று மத்தியானம் போன். ஸ்பீக்கர் இல்லை.

"டேய், காய்ச்சல் அடிக்குது. நூறுக்கு மேல. உடம்பெல்லாம் வலி. என் பொண்டாட்டி பயந்து சாகறா. இது ஊசிக் காய்ச்சல்தானேன்னு அவளுக்கு நீ சொல்லு."

"டெஸ்ட் எடு."

"ஊசிக் காய்ச்சல்டா. நேத்துதான் போட்டேன்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்."

மூச்சுச் சத்தம் மட்டும். இன்னும் கொஞ்சம் விசில் அடிக்கிறது அவன் மூச்சில். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அன்னைக்கு வார்டுல நீ சொன்னது..." என்றான்.

"ஆமா."

"சும்மா சொல்றேன்னு நினைச்சேன்."

"தெரியும்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்ட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவனுடைய விரல்கள் அவனுடைய பிழைப்பு. இன்னும் நடுக்கம் முழுசாக நிற்கவில்லை.

"சரி, டெஸ்ட்டுக்கு ஆளை அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.


ஜூலை 14, புதன்

அவனுக்கு ஒன்றும் இல்லை. வெறும் ஊசிக் காய்ச்சல்தான். முடிவை நான்தான் போனில் சொன்னேன். "ம்" என்றான்.


ஆகஸ்ட் 18, புதன்

தையல்காரன் திரும்பி வந்தபின் முதல் ஆபரேஷன். வயதான ஒருவருக்குக் குடலில் அடைப்பு. சின்ன கேஸாக எடுத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கிற ஆளா.

கை நடுங்கவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பார்க்கச் சொல்லி அவனிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். பாதியில் ஒரு ரத்தக்குழாய் விட்டுவிட்டது. திடீரென்று வயிறு முழுக்க ரத்தம். எட்டு வருஷத்துக்கு முந்தைய அதே சத்தம், உறிஞ்சுகுழாயின் அந்தக் களகளச் சத்தம். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீ பாட்டுக்குப் பண்ணு, நான் ஏத்தறேன்" என்றேன். இரண்டு பாட்டில் ஏற்றினேன். அவன் பிடித்துக் கட்டினான். கட்டியதை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். நின்றது.

முடிந்தபோது அவனால் நிற்க முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பெரியவர் மயக்கம் தெளிய நேரம் எடுத்தார். வெளியே குடும்பம் காத்திருந்தது. கதவைத் தட்டிவிட்டார்கள்.

"நீ போய்ச் சொல்லு" என்றான்.

"நானா?"

"என்னால முடியலடா. நீயே போ." பிறகு கண்ணைத் திறக்காமலே, "என்ன வேணும்னாலும் சொல்லு" என்றான். "நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. எந்தக் கதவுன்னு அன்னைக்கே தெரியும்."

சிஸ்டர் கருவிகளை எண்ணுவதை நிறுத்தினார். பிறகு எண்ண ஆரம்பித்தார்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். பெரியவரின் மகள் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் ஆபரேஷன் பண்ண டாக்டரா?"

"இல்லம்மா. நான் மயக்க மருந்து கொடுக்கிறவன். பண்ணினவர் உள்ள உட்கார்ந்திருக்கார். அவருக்கு உடம்பு இன்னும் முழுசா சரியாகல, ஆனா நல்லா பண்ணினார். நடுவுல ரத்தம் போச்சு. எதிர்பார்க்கல. நிறுத்திட்டோம். அப்பா தூக்கத்துலேர்ந்து மெதுவா எழுந்துட்டு இருக்கார். எழுந்ததும் கூப்பிடறேன், வந்து பாருங்க."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். எல்லாம் சொன்ன பிறகும் போகவில்லை.

"உங்க பேரு என்ன டாக்டர்?"

புகார் கொடுக்கவா என்று ஒரு கணம் தோன்றியது. பழக்கதோஷம்.

சொன்னேன்.